மூன்றாவது ஃப்ரெட் ஜி: ஜாஸுக்கு ஆம்ப் தேடிய எட்டு மாதங்கள்

ஜாஸுக்கு ஏற்ற ஆம்ப், அதாவது கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டி, தேடி அலைந்த இந்தக் கேஸில் நோயாளி நானேதான், அதனால் நோயின் வரலாறு முழுக்கத் தெரியும். கிட்டார், டபுள் பேஸ், ட்ரம்ஸ் என்று மூன்று பேர் வாரத்துக்கு ஒரு நாள் ஒரு சின்ன அறையில் கூடி ஜாஸ் வாசிக்கிறோம், யாராவது கூப்பிட்டால் வெளியேயும் போய் வாசிப்போம். என் கிட்டார் 16 அங்குல அகலமுள்ள ஆர்ச்டாப் (மேல்முகம் வளைந்த, உள்ளே காலியான கிட்டார்), ஒட்டுப்பலகையில் செய்த மேல்முகம், கழுத்தோரம் ஒரே ஒரு ஹம்பக்கர் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் கருவி), 12-52 தடிமனில் வழவழப்பான ஃபிளாட்வவுண்ட் தந்திகள். இதில் விசேஷமாக ஒன்றும் இல்லை, ஜாஸ் வாசிக்கிறவர்கள் நிறையப் பேர் கையில் இப்படி ஒன்றுதான் இருக்கும்.

புகார்கள் மூன்று. பேஸ் வாசிக்கும் அண்ணன் சொன்னது: "தம்பி, நீ கீழே அந்த ஜி-யைத் தொட்டா என் சுருதி எனக்கே கேக்க மாட்டேங்குது." அவர் சொன்ன ஜி, தடித்த இ தந்தியில் மூன்றாவது ஃப்ரெட் (கழுத்தின் குறுக்குக் கம்பி). மற்ற சுரங்கள் ஒழுங்காகப் பேசும்போது அது மட்டும் கும்மென்று வீங்கி அறையை நிரப்பும். ட்ரம்மர் என்னைவிடச் சின்னவன், அவன் புகார் வேறு: "அண்ணே, கார்ட் எல்லாம் நல்லாக் கேக்குது, சோலோ வந்தா காணாமப் போயிடுறீங்க." (கார்ட் என்பது பல சுரம் சேர்ந்து ஒலிப்பது, சோலோ என்பது ஒற்றைச் சுரமாக வாசிப்பது.) மூன்றாவது புகார் என்னுடையது. சத்தத்தைக் கூட்டினால் கார்டுகள் கரகரத்தன, மெல்லிய தந்திகள் இரண்டும் தகரத்தில் தட்டுவது போலக் கேட்டன.

மூன்றையும் சேர்த்து நான் ஒரே முடிவுக்கு வந்தேன்: ஆம்ப் சரியில்லை. அந்த முடிவோடு எட்டு மாதம் ஓடினேன், நாலு ஆம்ப் கை மாறியது. கடைசியில் பார்த்தால் மூன்று புகாருக்கும் மூன்று வேறு காரணம், அதில் மிகப் பெரியதற்கும் ஆம்புக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் அது தெரிந்தது ஏழாவது மாதத்தில்.

முதல் ஆம்ப்

22 வாட் டியூப் (பழைய வெற்றிடக் குழாய் வகை), 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, முதுகு திறந்த பெட்டி, எதிரொலி சேர்க்க ஸ்பிரிங் ரிவெர்ப். 60களின் அமெரிக்க ஆம்ப்களைப் பார்த்துச் செய்தது. குமிழ்கள் என்று பார்த்தால் வால்யூம், பேஸ் (அடி ஒலி), ட்ரெபிள் (மேல் ஒலி), ரிவெர்ப், அவ்வளவுதான், மிட் (நடு ஒலி) குமிழே கிடையாது.

இதை வாங்கியதற்குக் காரணம் ஒலித்தட்டுகள். ஜாஸ் கிட்டார் என்றால் டியூப் ஆம்ப் என்று காதில் பதிந்துவிட்டது, அது எனக்கு மட்டும் நடந்ததும் இல்லை. கிட்டார் கலைஞர் சார்லி கிறிஸ்டியன் 1939-இல் பென்னி குட்மேனின் ஜாஸ் குழுவில் சேர்ந்தபோது கையில் இருந்தது கிப்ஸன் இஎஸ்-150 கிட்டாரும் ஒரு டியூப் ஆம்பும். அந்தக் காலத்து ஆம்பில் கூர்மையான மேல் ஒலி அதிகம் வராது, வந்ததெல்லாம் தடிமனான நடு ஒலி. அவர் 1942-இலேயே இறந்துபோனார், ஆனால் அந்த மூன்று வருஷத்தில் அவர் வாசித்த ஒலிதான் பிறகு வந்த எல்லோருக்கும் 'கிட்டார் இப்படித்தான் பேச வேண்டும்' என்ற அளவுகோல் ஆகிவிட்டது. இன்னொரு ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜிம் ஹால் வைத்திருந்தது கிப்ஸன் ஜிஏ-50, அதுவும் டியூப்தான். இதையெல்லாம் படித்துவிட்டு வேறு எதைத் தேடுவேன்?

வீட்டில் மெதுவாக வாசித்தால் சொர்க்கம். ஒத்திகையில் வைத்தால் வால்யூம் 5-ஐத் தாண்டும்போது கார்டுகள் கரகரக்கத் தொடங்கின. ஒற்றைச் சுரம் வாசித்தால் சுத்தமாக இருக்கும், கார்ட் பிடித்தால் மட்டும் அழுக்கு. ராக் வாசிக்கிறவர்கள் இதைத் தேடிப் போய் வாங்குவார்கள். ஜாஸில் ஏன் இது இத்தனை தொல்லை என்பதை ஒரே ஒரு கார்டை வைத்துச் சொல்லிவிடலாம்.

சி7, மூன்றே சுரத்தில். ஏ தந்தி மூன்றாவது ஃப்ரெட்டில் சி, டி தந்தி இரண்டாவது ஃப்ரெட்டில் இ, ஜி தந்தி மூன்றாவது ஃப்ரெட்டில் பி ஃபிளாட். இந்த இ-யின் அதிர்வெண் 164.8 ஹெர்ட்ஸ், பி ஃபிளாட் 233.1. ஆம்ப் டிஸ்டார்ட் ஆக, அதாவது ஒலி சிதையத் தொடங்கினால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசமும் ஒரு தனி ஒலியாக முளைக்கும்: 68.3 ஹெர்ட்ஸ். அது எந்தச் சுரம் என்று தேடினால் சி ஷார்ப், அதுவும் சுருதி கொஞ்சம் இறங்கிய சி ஷார்ப் (சரியானது 69.3). சி7 வாசித்துக்கொண்டிருக்கும்போது அடியில் யாரோ சி ஷார்ப்பை முனகுகிற மாதிரி, அதுவும் டபுள் பேஸ் நடமாடும் இடத்திலேயே. சத்தம் சின்னதுதான், ஆனால் கார்ட் மாறும்போதெல்லாம் இப்படி ஒரு ஆவி கூட வரும். மூன்று சுரத்துக்கே இந்தக் கதி என்றால் ஒன்பதாவது, பதிமூன்றாவது சுரங்களும் சேர்த்து ஐந்து சுரமாக வாசிக்கும்போது எத்தனை ஆவி வரும் என்று எண்ணிப் பாருங்கள். ஜாஸ் ஆட்கள் 'ஹெட்ரூம் வேணும், ஹெட்ரூம் வேணும்' என்று, அதாவது ஒலி சிதையாமல் கூட்ட இடம் வேண்டும் என்று, புலம்புவது இதற்காகத்தான், சத்தத்துக்காக இல்லை.

சரி, 22 வாட் போதவில்லை. இந்த முடிவு சரியானதுதான், இன்றைக்கும் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் சோலோ காணாமல் போனதற்கும் இதுவே காரணம் என்று நினைத்தேன் பாருங்கள், அங்கேதான் தப்பு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இரண்டாவது, இரண்டு கைக்கும் வேலை

தெரிந்த ஒருவரிடம் ஆறு வாரத்துக்கு இரவல் வாங்கியது. 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு, 80 வாட்டுக்கு மேல், அதுவும் டியூப். இந்த வகையின் மூதாதை 1963-இல் வந்த ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப். மேடையில் ஏற்கெனவே ஒன்று இருக்கும், நாம் கிட்டாரை மட்டும் தூக்கிக்கொண்டு போனால் போதும் என்ற நிலைமையில் அதைவிட நிம்மதியான ஆம்ப் கிடையாது.

கரகரப்பு முழுக்கப் போய்விட்டது. ஆனால் நான்கு மடங்கு வாட் என்றால் நான்கு மடங்கு சத்தம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். வாட் இரட்டித்தால் 3 டெசிபல் கூடும், காதுக்கு 'இரண்டு மடங்கு' என்று தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட். 22-இலிருந்து 85 வாட்டுக்குப் போனதில் கிடைத்தது சுமார் 6 டெசிபல். ஸ்பீக்கர் இரண்டு என்பதால் கூடுதலாகக் கொஞ்சம். இதை முன்னாலேயே தெரிந்துகொண்டிருந்தால், ஒரு வாட்டுக்கு 97 டெசிபல் தரும் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு 100 டெசிபல் தருவதை மாட்டினாலே வாட்டை இரட்டித்த பலன் என்பதும் புரிந்திருக்கும். ஆம்ப் விவரக் குறிப்பில் எல்லோரும் வாட்டைத்தான் பார்க்கிறார்கள், ஸ்பீக்கரின் உணர்திறனைப் பார்க்கிறவர்கள் குறைவு.

எடை முப்பது கிலோவை நெருங்கியது. முதல் வாரம் படியேற்றும்போது ட்ரம்மர் ஒரு பக்கம் பிடித்தான். மூன்றாவது வாரம் அவனுக்கு அந்த நேரத்தில் சரியாக ஒரு போன் வந்தது. நான்காவது வாரம் நான் யாரையும் கேட்கவில்லை, அதன் பலனை இடுப்பு இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தது.

ஜி? அப்படியே இருந்தது. சொல்லப்போனால் இன்னும் அழகாக, இன்னும் அகலமாகக் கும்மியது. இந்த இடத்தில் எனக்கு மணி அடித்திருக்க வேண்டும். ஆம்ப் மாறியும் நோய் மாறவில்லை என்றால் நோய் ஆம்பில் இல்லை. அந்த எளிய கணக்கைப் போடாமல், 'டியூப் ஆம்ப் என்றாலே அடி ஒலி தளர்வாகத்தான் இருக்கும்' என்று எங்கோ படித்ததைப் பிடித்துக்கொண்டு டிரான்சிஸ்டர் பக்கம் போனேன்.

மூன்றாவது, ஒரு கையில் தொங்கும்

டிரான்சிஸ்டர் ஆம்ப் என்றால் ஜாஸ் ஆட்கள் மூக்கைச் சுளிப்பார்கள் என்று நினைப்பது ராக் உலகத்துப் பழக்கம். ஜாஸில் கதை நேர்மாறு. ஜோ பாஸ் பல வருஷம் வாசித்த பாலிடோன் டிரான்சிஸ்டர் ஆம்ப்தான், அந்தக் கம்பெனியைத் தொடங்கிய டாமி குமினா ஒரு அக்கார்டியன் கலைஞர். வெஸ் மான்ட்கோமரி வாசித்தவற்றில் 15 அங்குல ஸ்பீக்கர் வைத்த ஸ்டாண்டல் ஒன்று. ரோலண்ட் 1975-இல் கொண்டுவந்த ஜேசி-120-க்குப் பெயரே ஜாஸ் கோரஸ், ஆனால் அதைப் புகழ்பெறச் செய்தவர்கள் பெரும்பாலும் பாப், ராக் ஆட்கள் என்பது வேடிக்கை. டிஸ்டார்ட் ஆகாத எல்லைக்குள் வாசிக்கும்போது டியூபா டிரான்சிஸ்டரா என்பதைவிட ஸ்பீக்கரும் பெட்டியும் குமிழ் வளைவும்தான் ஒலியைத் தீர்மானிக்கின்றன. இதை நான் நம்புகிறேன், கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் நீங்களும் நம்புவீர்கள் என்று நினைக்கிறேன்.

இப்போது கைக்கு அடக்கமானவை நிறைய வந்துவிட்டன. ஏஇஆர் காம்பாக்ட் 60 என்பது 60 வாட், 8 அங்குல ஸ்பீக்கர், எடை ஆறரைக் கிலோ அளவு. அகௌஸ்டிக் கிட்டாருக்கென்று செய்தது, ஜாஸ் ஆட்கள் சுவீகாரம் எடுத்துக்கொண்டார்கள். டிவி மார்க் லிட்டில் ஜாஸ் அதே அளவு ஸ்பீக்கரோடு 45 வாட், அதுவும் ஏழு கிலோ அளவுதான். ஹென்ரிக்ஸன் தொடங்கியதே ஜாஸ் கிட்டார்காரர்களை மனதில் வைத்துத்தான். நான் வாங்கியது இந்த மூன்றில் எதுவும் இல்லை, இந்த வகையில் வேறொன்று: 8 அங்குல ஸ்பீக்கர், மேலே ஒரு ட்வீட்டர் (கூர்மையான மேல் ஒலிக்கென்று சின்ன ஸ்பீக்கர்), முதுகு மூடிய பெட்டி, முன்னால் ஒரு காற்றுத் துளை.

ஒரு கையில் கிட்டார், இன்னொரு கையில் ஆம்ப், படியில் யாரையும் கூப்பிட வேண்டாம். இந்தச் சுகத்தை எழுத்தில் சொல்ல முடியாது.

ஒலி வேறு கதை. கிட்டார் ஸ்பீக்கர்கள் பொதுவாக 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சரிந்துவிடும், அந்தச் சரிவுதான் மின்கிட்டாரின் குணத்தில் பாதி. ட்வீட்டர் அதற்கு மேலேயும் கொண்டுவரும். விளைவு, பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) தந்தியில் படும் 'டிக்' ஒவ்வொன்றும், விரல் நகரும் ஒவ்வொரு உரசலும் தனித்தனியாகக் கேட்டது. நான் இவ்வளவு அழுக்காக வாசிக்கிறேன் என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. நல்லவேளை ட்வீட்டரை அணைக்க ஒரு பொத்தான் இருந்தது, அணைத்தேன், பாதி பிரச்சினை போனது. ட்வீட்டருக்காகக் கூடுதலாகக் கொடுத்த காசும் அதோடு போனது.

ஜி இங்கேயும் கும்மியது. 8 அங்குல ஸ்பீக்கரில், மூடிய பெட்டியில், டிரான்சிஸ்டரில்! அன்று ஒத்திகை முடிந்ததும் பேஸ் அண்ணன் கையுறையைக் கழற்றுகிற டாக்டர் மாதிரி என்னைப் பார்த்தார். "தம்பி, ஆம்பை மட்டும் மாத்திட்டே இருக்க, மத்த எதையும் மாத்திப் பாத்தியா?"

ஜி எங்கே இருந்தது

அந்த வாரம் வாங்குவதை நிறுத்திவிட்டு அளக்கத் தொடங்கினேன். வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைத்தான் முதல் மாதமே செய்திருக்க வேண்டும்.

முதலில் கிட்டார் மேல் சந்தேகம். ஆர்ச்டாப்பின் உடலுக்குள் இருக்கும் காற்றுக்கு ஒரு சொந்த அதிர்வு உண்டு, அது தாழ்ந்த சுரங்களின் பக்கத்தில்தான் இருக்கும். அந்தச் சுரத்தைத் தொட்டால் உடல் முழுக்கக் குலுங்கி, பிக்கப்பையும் குலுக்கி, ஃபீட்பேக் வரை போகலாம். மூன்றாவது ஆம்பில், ஸ்பீக்கர் வழியாகப் போகாமல் ஒலியை வெளியே எடுக்கும் லைன் அவுட் இருந்தது. ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு, ஹெட்போன் மாட்டிக்கொண்டு, தடித்த தந்தியில் எஃப்-இலிருந்து ஏ வரை ஒவ்வொரு ஃப்ரெட்டாக ஒரே பலத்தில் அடித்துப் பதிவு செய்தேன். எஃப், எஃப் ஷார்ப், ஜி, ஜி ஷார்ப், ஏ: ஐந்தும் கிட்டத்தட்ட ஒரே உயரம். ஜி ஒரு நூல் கூட இருந்தது, அவ்வளவுதான். எஃப் துளைகளில் (மேல்முகத்தின் ஒலித் துளைகள்) துணியை அடைத்துவிட்டு ஆம்பில் வாசித்துப் பார்த்தேன், ஃபீட்பேக் கொஞ்சம் தள்ளிப்போனது, கும்மல் போகவில்லை. கிட்டார் விடுதலை.

அடுத்து, அதே கிட்டார், அதே ஆம்ப், அதே குமிழ் நிலை, வேறு அறை. வீட்டில் 4.2 மீட்டர் நீளமுள்ள கூடத்தில் சுவரோரம் வைத்து வாசித்தேன். ஜி பரம சாது. ஆனால் திறந்த இ தந்தி அங்கே லேசாகப் பொருமியது. ஒத்திகை அறையில் இ-யைப் பற்றி யாரும் வாய் திறந்ததே இல்லை.

இந்த இடத்தில்தான் விளக்கு எரிந்தது. ஒத்திகை அறைக்கு அளவுநாடாவோடு போனேன். நீளம் சரியாக 3.5 மீட்டர். ஒலி வினாடிக்கு 343 மீட்டர் போகும், 343-ஐ 3.5-ஆல் வகுத்தால் 98. தடித்த இ தந்தியின் மூன்றாவது ஃப்ரெட்டில் இருக்கும் ஜி-யின் அதிர்வெண் 98.0 ஹெர்ட்ஸ். அதாவது அந்த ஒரு சுரத்தின் ஓர் அலை, அறையின் ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவர் வரை அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்துகொள்கிறது, சுவரில் பட்டுத் திரும்பி வருகிற அலை அதன் மேலேயே ஏறிக்கொள்கிறது. எங்கள் கூடத்துக்கும் கணக்குப் போட்டேன்: 343-ஐ 4.2-ஆல் வகுத்தால் 81.7. திறந்த இ 82.4. அறை தன் சுரத்தைத் தானே தேர்ந்தெடுக்கிறது, ஆம்ப் அதற்கு வாய் கொடுக்கிறது.

இப்படி நிற்கும் அலைக்கு அழுத்தம் மிகுந்த இடமும் அழுத்தமே இல்லாத இடமும் உண்டு. இந்த அலைக்கு இரண்டு சுவரோரமும், நடு அறையும் மிகுந்த இடம். சுவரிலிருந்து கால்பங்கு தூரத்தில், அதாவது சுமார் 87 சென்டிமீட்டரில், அது வெறுமை. எங்கள் அமைப்பை அப்போது வரைந்து பார்த்தேன். என் ஆம்ப் ஒரு சுவரில் முதுகு ஒட்டி. பேஸ் அண்ணன் எதிர்ச் சுவரில் முதுகு ஒட்டி. ஜி-யை ஊட்டுவதற்கு இதைவிட நல்ல இடமும் இல்லை, வாங்கிக்கொள்வதற்கு அதைவிட மோசமான இடமும் இல்லை.

இன்னொன்றும் இருந்தது. டபுள் பேஸின் நான்கு தந்திகள் இ, ஏ, டி, ஜி, தாழ்ந்த இ 41.2 ஹெர்ட்ஸ். அதில் மெல்லிய தந்தியைத் திறந்து அடித்தால் வருவது ஜி, 98 ஹெர்ட்ஸ், என் மூன்றாவது ஃப்ரெட் ஜி-யேதான். 'என் சுருதி எனக்கே கேக்கல' என்று அவர் சொன்னது உண்மையிலும் உண்மை. நான் அந்தச் சுரத்தைத் தொட்டால் அறை முழுக்க அவர் தந்தியே பேசுவது போல் ஆகிவிடும். இதைக் காகிதத்தில் வரைந்து காட்டியபோது அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் சொன்னார்: "இந்த ரூம்ல நான் திறந்த ஜி அடிச்சா உடனே கையால அமுக்கிடுவேன். என் பேஸ்லதான் கோளாறுன்னு நினைச்சு பிரிட்ஜ் வரைக்கும் மாத்தியாச்சு."

ஆக, எட்டு மாதத்தில் நான்கு ஆம்ப் பார்த்தவன் நான் மட்டும் முட்டாள் இல்லை என்பதில் ஒரு சின்ன ஆறுதல்.

ஆம்பைச் சுவரிலிருந்து 90 சென்டிமீட்டர் முன்னால் இழுத்தோம், அவர் தன் இடத்தைச் சுவரிலிருந்து அதே அளவு நகர்த்திக்கொண்டார். எஃப்-இலிருந்து ஏ வரை மறுபடி வாசித்தேன். ஜி அடங்கிவிட்டது. முழுக்கவா என்றால் இல்லை, அறைக்கு அகலமும் உயரமும் இருக்கிறதே, ஆனால் இனிமேல் அது குடும்பத்தில் சத்தமாகப் பேசும் ஒருவர் அளவுதான்.

சோலோ எங்கே போனது

இது ஆம்ப் பிரச்சினை. ஆனால் வாட் இல்லை.

அமெரிக்க வகை டியூப் ஆம்ப்களின் டோன் சர்க்யூட்டுக்கு ஒரு பிறவிக் குணம்: பேஸையும் ட்ரெபிளையும் நடுவில் வைத்தால் ஒலி சமமாக இருக்கும் என்று குமிழ் சொல்லும், ஆனால் 400-500 ஹெர்ட்ஸ் சுற்றி ஒரு பள்ளம் இருக்கும். நாம் சோலோ வாசிக்கிற தந்திகள் எங்கே இருக்கின்றன? திறந்த பி தந்தி 246.9, மெல்லிய இ 329.6, அதன் ஏழாவது ஃப்ரெட் பி 493.9. பள்ளத்துக்குள் நேராகப் போய் இறங்குகிறோம். கார்டில் கீழ்ச் சுரங்களும் மேல் கூர்மையும் இருப்பதால் தப்பித்துவிடுகிறது, ஒற்றைச் சுரம் காணாமல் போகிறது. ட்ரம்மர் சொன்னது அட்சர சுத்தம்.

மருந்து கையிலேயே இருந்தது. பேஸ் 2, ட்ரெபிள் 3, வால்யூமைக் கூட்டு. இரண்டையும் இறக்கினால் பள்ளம் மேடாகாது, இரண்டு கரையும் இறங்கிப் பள்ளத்தின் மட்டத்துக்கு வரும், காதுக்கு எல்லாம் ஒன்றுதான். மிட் குமிழ் உள்ள ஆம்பாக இருந்தால் அதை 10-இல் வைத்துவிட்டு மற்ற இரண்டையும் கீழே இறக்கலாம். இப்படி வைத்தபோது தனியாகக் கேட்க அந்த ஒலி மூக்கடைத்த மாதிரி இருந்தது, வீட்டில் இருந்திருந்தால் ஒரு நிமிஷத்தில் பழைய நிலைக்குத் திருப்பியிருப்பேன். டபுள் பேஸும் ட்ரம்ஸின் ரைடு சிம்பலும் சேர்ந்ததும் அதே ஒலி கணீரென்று நின்றது. அடியை பேஸ் எடுத்துக்கொள்கிறது, மேலே சிம்பல் எடுத்துக்கொள்கிறது, கிட்டாருக்கு மீதி இருப்பது நடுதான். கவுண்ட் பேஸியின் குழுவில் 1937-இலிருந்து வாசித்த ஃப்ரெடி கிரீன் ஆம்பே இல்லாமல் ஒரு முழு பிராஸ் படைக்கு நடுவே கேட்டார், அவர் கார்டில் உண்மையில் ஓங்கி ஒலித்தது நடுத்தந்திகளின் ஒன்றிரண்டு சுரம்தான்.

மெல்லிய தந்திகளின் தகர ஒலிக்குக் காரணம் இன்னும் சாதாரணம். 12 அங்குல ஸ்பீக்கர் ஏறத்தாழ 1.5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒலியை டார்ச் வெளிச்சம் போல நேராக அனுப்பும். ஆம்ப் தரையில், நான் அதன் பக்கத்தில் நின்றுகொண்டு, முழங்காலுக்கு மட்டும் கேட்கிற ட்ரெபிளை என் காதுக்கு எட்டும் வரை கூட்டியிருக்கிறேன். எதிரே உட்கார்ந்தவர்களுக்கு அது ஊசி. எப்போதாவது உட்கார்ந்து வாசிக்கும்போது மட்டும் எனக்கும் கேட்டது. ஒரு நாற்காலி மேல் தூக்கி வைத்தேன், ட்ரெபிள் தானாக இரண்டு எண் இறங்கியது. கூடவே தரை கொடுத்துவந்த 200 ஹெர்ட்ஸ் பக்கத்து மந்தமும் குறைந்தது.

பிறகு, நாலாவது

அறையையும் நாற்காலியையும் சரிசெய்த பிறகு மூன்று ஆம்ப்களையும் மறுபடி வரிசையில் வைத்தோம். இரண்டாவதை அதற்காகவே இன்னொரு முறை இரவல் வாங்கினேன், இந்த முறை தூக்க ஆள் வைத்துக்கொண்டு. கையின் குழப்பம் வராமலிருக்க ஒரு லூப்பரில் (பதிந்ததைத் திரும்பத் திரும்ப ஓட்டும் கருவி) 16 பார் (தாளச் சுற்று) பதிவு செய்து, எட்டு பார் கார்ட், எட்டு பார் சோலோ, அதையே எல்லா ஆம்பிலும் ஓட விட்டு, இரண்டு பேரும் கூட வாசிக்க, நான் எதிர்மூலையில் போய் உட்கார்ந்து கேட்டேன். கிட்டார்காரன் தன் ஆம்பைக் கேட்பவர் இடத்திலிருந்து கேட்பது வருஷத்துக்கு ஒரு முறை நடந்தாலே பெரிசு.

ட்ரம்மர் பிரஷ் வைத்து மெதுவாக வாசிக்கும்போது முதல் ஆம்ப்தான் மற்ற இரண்டையும்விட நன்றாக இருந்தது, இது எனக்கே வலித்தது. ஸ்டிக் எடுத்ததும் கார்டில் ஆவிகள் திரும்பி வந்தன. இரண்டாவதில் ஒரு குறையும் இல்லை, எடையைத் தவிர. மூன்றாவது எல்லாம் சரியாகச் செய்தது, ஆனால் சோலோவில் ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்தினால் அது மெலிந்துபோனது. 8 அங்குலத்தில் எல்லாம் அப்படித்தான் என்று சொல்ல மாட்டேன், அந்தப் பெட்டியில் அப்படி.

கடைசியில் வாங்கியது டிரான்சிஸ்டர், 60 வாட், 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, ட்வீட்டர் இல்லை, மிட்டுக்குத் தனிக் குமிழ், அடி ஒலியை வெட்ட ஒரு ஃபில்டர், பதினொரு கிலோ சுமார். கடையில் சோதிக்கும்போது விற்பவர் எதிர்பார்த்த எதையும் வாசிக்கவில்லை. சொந்தக் கிட்டாரை எடுத்துப் போனேன். மேடைக்கு வேண்டிய சத்தத்தில் வைத்து அந்த மூன்று சுர சி7. தடித்த தந்தியில் எஃப் முதல் ஏ வரை, ஆம்பை இரண்டு இடத்தில் நகர்த்தி வைத்து. மெல்லிய தந்தியில் பத்தாவது ஃப்ரெட்டுக்கு மேல் நீண்ட சுரங்கள், பக்கவாட்டில் மூன்று மீட்டர் தள்ளி நின்று. அப்புறம் தூக்கிக்கொண்டு வாசல் வரை நடந்தேன். பத்து நிமிஷத்தில் முடிந்தது.

முதல் ஆம்ப் வீட்டில் இருக்கிறது, இரவில் அதுதான். மூன்றாவதை ஒரு வயலின்காரர் எடுத்துக்கொண்டார், ட்வீட்டருக்கு ஒருவழியாக வேலை கிடைத்தது. திரும்பிப் பார்த்தால் மூன்றாவதை வாங்கியிருக்கவே வேண்டாம், நாலாவதை எப்படியும் வாங்கியிருப்பேன், மூன்று மாதத்தில்.

புது ஆம்போடு முதல் ஒத்திகை. சுவரிலிருந்து 90 சென்டிமீட்டர், நாற்காலி மேல். முதல் அரை மணி நேரம் பேஸ் அண்ணன் ஆம்பைப் பற்றி வாயே திறக்கவில்லை, திறந்த ஜி-யைக் கையால் அமுக்காமல் விட்டு அடித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது பாட்டு முடிந்ததும் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, அந்த ரிவெர்பைக் கொஞ்சம் குறை."